மணிமேடையில் பஸ்ஸுக்கு நிற்பவருக்கும் ஊர்க்கதை தெரியட்டும்

நாகர்கோவில் மாநகராட்சி மேயர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வளைவு, சிலை எதுவும் கேட்கவில்லை. பஸ் நிறுத்தங்களில், அந்தந்தப் பகுதியில் நடந்ததைப் பத்து வரியில் சொல்லும் பலகைகள் போதும். மணிமேடை மணிக்கூண்டுக்கு 1893 என்ற ஆண்டும், திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் எழுந்த கதையும். 1979இல்தான் நமக்கு ரயில் வந்தது என்பது ஸ்டேஷன் நிறுத்தத்தில் ஒரு வரி.

லண்டன் மிஷன் பக்கம் வைக்கும் பலகைக்குத்தான் இடம் கூடுதலாக வேண்டும். அந்தக் கிறிஸ்தவ மிஷனைச் சேர்ந்த மால்ட் அம்மையார் தொடங்கிய பள்ளியில் லேஸ் பின்னக் கற்ற பெண்கள், அந்தக் காசில் அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட ஊர் இது. நாடார் பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தையும் 'சமூக சீர்திருத்தம் ஏற்பட்டது' என்று மழுப்பிவிடாதீர்கள். மேலாடை உடுத்திய பெண்கள் சந்தையிலும் தெருவிலும் தாக்கப்பட்டார்கள். 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாளின் அரசு இறங்கி வந்தது. அப்போதும், நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்றுதான் அறிவித்தது. அந்த 'ஆனால்' பலகையில் விடுபடக் கூடாது. யாருக்காவது மனம் வருந்துமே என்றால், வருந்தட்டும்.

வேப்பமூடு நிறுத்தத்துக்கு என் யோசனை காமராஜர். 1967இல் சொந்த ஊரான விருதுநகரில் தோற்றவர் அவர். மறு வருடம் நம் எம்.பி. மார்ஷல் நேசமணி காலமானார்; 1969 ஜனவரி இடைத்தேர்தலில் காமராஜரை இந்தத் தொகுதி டெல்லிக்கு அனுப்பியது. 1971இல் தமிழ்நாடு முழுக்க அவருடைய ஸ்தாபன காங்கிரஸ் கட்சிக்குக் கிடைத்த ஒரே மக்களவைத் தொகுதியும் நாகர்கோவில்தான். 1975இல் இறக்கும்வரை அவர் நம் எம்.பி. ஓட்டுப் போட்ட தாத்தா பாட்டிமார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்; எழுதுமுன் அவர்களிடம் கேளுங்கள்.

தமிழ்நாட்டோடு சேரக் கேட்டுப் போராடியவர்கள் மீது 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச்சூடு நடந்த மார்த்தாண்டமும் புதுக்கடையும் உங்கள் எல்லைக்கு வெளியே. ஆனாலும் அந்த ஊர்களுக்குப் பஸ் புறப்படும் இடத்தில் அதையும் எழுதலாம். 1956 நவம்பர் 1 அன்று நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்கு அங்கே உயிர் போயிருக்கிறது.

திறந்து வைத்தவர்களின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கட்டும். பலகை எழுதுமுன் வாசகத்தை மாநகராட்சி அலுவலக வாசலில் ஒட்டுங்கள். தப்புக் கண்டுபிடிக்க ரிட்டயர்டு வாத்தியார்களுக்கு நம்மூரில் பஞ்சமே இல்லை.

இப்படிக்கு,
கோட்டாற்றில் வீட்டுவரி கட்டும் ஒருவர்