செயலாளர் அறிக்கை: லிங்க் கொப்பியும் வராத ஆட்களும்

எல்லாருக்கும் வணக்கம். இது ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசிக்க வேண்டியது. போன முறை கூட்டத்துக்கு ஆறு பேர்தான் வந்தீர்கள் என்பதால் இந்த முறை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன்.

ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதை சொல்லி ஆடும் எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம், டிஸ்கோர்ட் என்ற இணைய அரட்டைச் செயலியில், சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வருடம் முழுக்க நடந்தது. மாசியில் அறுவடைக்கும் வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கும் மட்டும் நிறுத்தினோம். இரணைமடுக் குளக்கட்டை வைத்து எங்கள் தம்பி ஒருவர் எழுதிய கதை ஐந்து கிழமை ஓடியது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானதால், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு நாங்கள் தாராளமாகத் தமிழாக்கலாம். சண்டைப் பகுதி முடிந்தது, மந்திரப் பகுதி பாதியில் நிற்கிறது.

இனி, ஆட்ட அறைக்குள் நுழைய நான் அனுப்புகிற அழைப்பு லிங்க் விஷயம். ஒரு லிங்க் அனுப்ப ஏன் இவ்வளவு கெடுபிடி என்று சித்திரைக் கூட்டத்தில் கேட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

தை மாதம், ஒரு சனிக்கிழமை. தருமபுரத்துத் தங்கச்சி ஒருத்தி, உயர்தரம் படிக்கிறவள், வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்று கிணற்றடியில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்துகொண்டு போனைப் பிடித்திருந்தாள். அவளுக்கு அதுதான் முதல் ஆட்டம். தன் கதாபாத்திரத்தின் விபரம் எழுதும் தாளைக் கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, சிவப்புப் பேனையால் தலைப்பு எழுதி வைத்திருந்தாள். நான் அனுப்பியிருந்த டிஸ்கோர்ட் லிங்க் ஒன்பது நாள் பழையது. நாமாக மாற்றாவிட்டால் அது ஏழு நாளில் காலாவதியாகிவிடும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. "அக்கா, லிங்க் செத்துப்போச்சு" என்று எட்டு ஐந்துக்கு எழுதியிருக்கிறாள். நான் பார்த்தது ஒன்பது மணிக்கு. அதற்குள் நுளம்புக்கடி தாங்காமல் உள்ளே போய்விட்டாள், அடுத்த மூன்று கிழமையும் வரவில்லை. அது என் பிழை.

பிறகு சிலர் சொன்னபடி காலாவதியே ஆகாத லிங்க் ஒன்று போட்டேன். யாரோ அதைத் தூக்கி ஊர் வட்ஸ்அப் குழுவில் போட, ஆட்டத்தின் நடுவில் முகம் தெரியாத ஏழெட்டுப் பேர் வந்து குரல் அறையில் கூச்சல், எழுத்து அறையில் கண்ட கண்ட படங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்த மேசை அது! லிங்கை அழித்தாலும் ஏற்கெனவே நுழைந்தவர் உள்ளேதான் இருப்பார். ஒவ்வொருவராகத் தேடி வெளியேற்ற இரவு பன்னிரண்டரை ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து சொல்லாமல் அழைப்பிதழை மட்டும் கொடுத்தனுப்பினால் எங்கள் ஊரில் எத்தனை பேர் கலியாணத்துக்குப் போவார்கள்? லிங்கும் அப்படித்தான். அதனால் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். புதிதாக வருகிற ஒருவருக்கு ஒரு லிங்க், ஒரு தடவைதான் பாவிக்கலாம், ஒரு நாள்தான் உயிர். யாருக்கு, எத்தனை மணிக்கு, உள்ளே வந்தாரா என்று எழுதி, வெள்ளி இரவு பெயர் சொல்லித் தனித்தனியாக அனுப்புகிறேன். அன்றிலிருந்து அந்நியர் ஒருவரும் நுழையவில்லை. தருமபுரத்துத் தங்கச்சிக்கு நானே கோல் எடுத்துக் கதைத்தேன், பங்குனியில் திரும்பி வந்தாள்.

நேரமும் லிங்கோடு சேர்ந்ததுதான். எங்களோடு ஆடுகிற லண்டன்காரர் அக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுவார்கள், கனடாக்காரர் நவம்பர் முதல் ஞாயிறு. எங்கள் இரவு எட்டு மணி ரொறன்ரோவில் காலை பத்தரையாக இருந்து ஒன்பதரை ஆகிவிடும். இதைச் சொல்ல மறந்ததால் ஒரு சனிக்கிழமை இங்கே நாலு பேர் ஒரு மணித்தியாலம் சும்மா இருந்தோம். இப்போது டிஸ்கோர்ட் நேரக்குறி போடுகிறேன், அவரவர் ஊர் நேரத்திலேயே காட்டும்.

ஆனால் லிங்க் சரியாகப் போய், நேரமும் சரியாக இருந்து, வருவதாகக் கட்டைவிரலும் காட்டிவிட்டு வராமல் விடுகிறவர்களுக்கு நான் என்ன செய்வது? ஐந்து பேர் மேசையில் இரண்டு பேர் வராவிட்டால் அன்றைய கதை அவ்வளவுதான். கதை நடத்துபவர் கிழமை முழுக்க வேலை முடிந்து வந்து வரைபடம் கீறியிருப்பார். வரமுடியாது என்றால் ஒரு சொல் எழுதுங்கள். வயலில் தண்ணீர் கட்ட நிற்பவரிடம் நான் ஒருநாளும் கோபித்ததில்லை.

கணக்கு: வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரி, விபரம் பொருளாளரிடம் இருக்கிறது. மாதம் 200 ரூபாய்ச் சந்தா பெரும்பாலும் படிக்கிற பிள்ளைகளின் டேட்டாவுக்குத்தான் போகிறது. பாதிப் பேருக்கு மேல் பாக்கி. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் நான் கையிலிருந்து போட்டேன்.

இடமும் கரண்டும் தந்த சனசமூக நிலையத்துக்கும், ஹெட்போன் அனுப்பிய வெளிநாட்டு உறவுகளுக்கும், நிர்வாகசபைக்கும் நன்றி.

அடுத்த வருடம் பற்றி. சந்தா பாக்கி என்பதற்காக ஒருவருக்கும் லிங்க் அனுப்பாமல் விட்டதில்லை, விடவும் மாட்டேன். ஆனால் தை மாதத்தில் இன்னும் மூன்று பிள்ளைகள் சேரக் கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் டேட்டா வேண்டும். அப்புறம், வெள்ளி இரவு ஏழரைக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கக்கூடிய ஒருவர் என்னோடு சேர்ந்தால் நல்லது. கொப்பி எழுதுவது எப்படி என்று ஒரே நாளில் காட்டித் தருவேன்.