எங்க காலனி பூனைங்களுக்காக ஓடி வந்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். நேத்து சாயங்காலம் கடைசி பூனையையும் தண்ணி டேங்க் பக்கத்துல கூண்டு திறந்து விட்டுட்டு வீட்டுக்கு வந்து உக்காந்தேன், அப்போதான் அழுகையே வந்துச்சு. மொத்தம் 14 பூனை, 9 பெண்ணு 5 கடுவன், எல்லாத்துக்கும் கருத்தடை ஆபரேஷன் முடிஞ்சு எல்லாம் உயிரோட அதது இடத்துக்கு திரும்பி வந்தாச்சு. இது என் ஒருத்தியால நடக்கல, அதான் எழுதுறேன்.

முதல் நன்றி எங்க மீன்கார அக்காவுக்கு. பல வருஷமா தினமும் சாயங்காலம் கூடைய இறக்கினதும் மீன் தலையும் செவுளும் தனியா எடுத்து வெச்சு பூனைங்களுக்கு போடுறவங்க அவங்கதான், அவங்க குரல் கேட்டாலே ஓட்டு மேலருந்து குதிச்சு வரும். பூனைக்கு பசிச்சா தான் கூண்டுக்குள்ள போகும், மயக்க ஊசி போடவும் வெறும் வயிறா இருக்கணும், அதனால "அக்கா, நாளைக்கு மட்டும் ஒண்ணும் போடாதீங்க"ன்னு கேட்டேன். அவங்க ஒத்துக்கிட்டாங்க, ஆனா அன்னிக்கு அவங்க பட்ட பாட்ட நான் கண்ணால பாத்தேன். எட்டு பூனை காலச் சுத்திச் சுத்தி கத்துது, ஒண்ணு புடவைய நகத்தால பிடிச்சு இழுக்குது, அக்கா கூடை மேல ஈரச்சாக்க போட்டு மூடிட்டு "இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ கண்ணு, உனக்குத்தான்டி"ன்னு சொல்லிக்கிட்டே நிக்குறாங்க, வியாபாரத்தையும் பாதில விட்டுட்டு கிளம்பிட்டாங்க. ராத்திரி கூண்டுல வைக்க கருவாடு சுட்டு பேப்பர்ல மடிச்சு குடுத்து விட்டதும் அவங்கதான், அந்த வாசனைக்கு தான் ஒம்பது மணிக்குள்ள நாலு பூனை உள்ள போச்சு.

கூண்டு கதவு விழுந்ததும் பூனை தலைய முட்டி மூக்கெல்லாம் ரத்தம் பண்ணிக்கும், உடனே மேல ஒரு துணிய போட்டு இருட்டாக்கிட்டா அடங்கிடும். எத்தனை பழைய பெட்ஷீட் குடுத்தீங்க எல்லாரும்! மூணாவது மாடி பாட்டி அவங்க கல்யாணத்துக்கு வந்த ஜமக்காளத்தையே குடுத்துட்டாங்க.

டாக்டர் மேடத்துக்கு என்னன்னு நன்றி சொல்றது. வேற ஒரு இடத்துல தெருப்பூனைன்னு சொன்னதுமே கை வைக்க மாட்டோம்னுட்டாங்க, இன்னொரு இடத்துல கேட்ட காசுக்கு எங்களால ரெண்டு பூனைக்கு மேல முடியாது. இந்த மேடம் ஞாயித்துக்கிழமை லீவ விட்டுட்டு, மருந்து நூல் செலவ மட்டும் வாங்கிக்கிட்டு செஞ்சாங்க. தெருப்பூனைய திரும்ப பிடிச்சு தையல் பிரிக்கவோ மாத்திரை குடுக்கவோ முடியாதுன்னு தானா கரையுற நூல்ல தெச்சு, பல நாள் வேலை செய்யுற ஊசியும் ரேபிஸ் ஊசியும் போட்டு அனுப்பினாங்க. மயக்கத்துல பூனை கண்ண மூடாது தெரியுமா, திறந்தபடியே தூங்கும், கண்ணு காஞ்சிடக்கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் களிம்பு வெச்சு விட்டாங்க.

அதுல ஒரு கறுப்பு வெள்ளை பூனைய பரிசோதிக்கும்போது மேடம் கைய நிறுத்திட்டாங்க. மடில பால் இருக்கு. "இதோட குட்டிங்க எங்கம்மா?"ன்னு கேட்டதும் எனக்கு கை கால் ஓடல, ராத்திரியிலருந்து தாய் எங்க கூண்டுல இருக்கு, குட்டிங்க எங்கயோ பட்டினி கிடக்குது. போன் பண்ணதும் ஏழாவது படிக்கிற பையன் ஒருத்தன் காலனி பூரா ஒவ்வொரு படிக்கட்டு அடியிலயும் காது வெச்சு கேட்டுட்டு போயி மீட்டர் பாக்ஸ் பின்னாடி மூணு குட்டிய கண்டுபிடிச்சான். ஆட்டோ அண்ணன் சவாரிய விட்டுட்டு அந்த தாய ஓட்டிட்டு வந்து அரை மணி நேரத்துல இறக்கினார். குட்டிங்க தானா சாப்பிட ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆனப்புறம் தான் அதுக்கு ஆபரேஷன், நேத்து கடைசியா விட்டது அத தான். அண்ணா, பதினாலு தடவைக்கும் பெட்ரோல் காசு கூட வாங்கல நீங்க. தம்பி, நீ நல்லா இருக்கணும்டா.

மெடிக்கல் ஷாப் தம்பிக்கும் நன்றி. ஒரு பூனை ராத்திரி முனகுதுன்னு பாரசிட்டமால் வாங்க ஓடினேன், யாருக்குன்னு கேட்டு, பூனைக்கு அது விஷம்கா, ஒரு மாத்திரை போதும் செத்துடும்னு சொல்லி டாக்டருக்கு போன் போட வெச்சார். குளிர்ல நடுங்கிருக்கு அது, அவ்ளோதான். பாட்டில்ல வெந்நீர் ஊத்தி துணி சுத்தி பக்கத்துல வெச்சதும் சரியாச்சு.

காசு குடுத்தவங்க பேர போடக்கூடாதுன்னு சொல்லிட்டீங்க. இஸ்திரி போடுற அய்யா அம்பது ரூபாய மடிச்சு கைல வெச்சத மட்டும் சொல்லாம இருக்க முடியல.

சாக்குல கட்டி மார்க்கெட் பக்கம் விட்டுட்டா முடிஞ்சுதேன்னு சொன்னவங்களும் இருந்தாங்க, கோவப்படாம கேளுங்க. இங்க சாப்பாடு இருக்குற வரைக்கும் வேற பூனை வந்து அதே இடத்த பிடிச்சுக்கும். நாலஞ்சு மாசத்துலயே சினைக்கு வந்துடும், 65 நாள்ல குட்டி, நாலு குட்டிக்கு பால் குடுத்துட்டு இருக்கும்போதே மறுபடியும் சினை. போன மழைல சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் செத்துக் கிடந்த குட்டிங்கள அள்ளி புதைச்சது நானும் வாட்ச்மேன் அண்ணனும் தான், அது போதும் எனக்கு.

இடது காது நுனி நேரா வெட்டிருந்தா ஆபரேஷன் ஆன பூனைன்னு அர்த்தம், மயக்கத்துலயே பண்ணது, வலிச்சிருக்காது. யாரோ வெட்டிட்டாங்கன்னு பதறாதீங்க. கடுவனுங்களுக்கு ஆபரேஷன் முடிஞ்சும் சில வாரம் வரைக்கும் வீரியம் இருக்கும், அதனால புதுசா ஏதாவது பெண் பூனை வந்தா உடனே சொல்லுங்க. பின்பக்க சந்துல ஒரு செம்பட்டை பூனை சுத்துது, காது முழுசா இருக்கு. மீன்கார அக்காகிட்ட சொல்லிட்டேன், ஞாயித்துக்கிழமைக்கு கருவாடு எடுத்து வைக்கிறேன்னாங்க.