தப்போடு வரும் நோட்டை ஏற்றுக்கொள்ளுங்கள்

தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா நான். ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் "வீட்டுல கொஞ்சம் உட்கார வச்சுப் படிக்க வையுங்க" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். நாங்களும் தலையாட்டிவிட்டு வருகிறோம். அந்த ஒரு வரி வீட்டுக்குள் வந்து என்ன ஆகிறது என்று உங்களிடம் சொல்ல வேண்டும்.

என் குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் என் மகள் வீட்டுப்பாடத்தில் ஏழு எட்டு 54 என்று எழுதியிருந்தாள். ரப்பரை எடுத்து நானே அழித்தேன். 56 என்று சொல்லி எழுத வைத்தேன். மறுநாள் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம். இரண்டு வாரம் கழித்து நடந்த தேர்வில் மறுபடியும் 54. "நோட்டுல சரியாத்தானே போட்டிருந்தா?" என்று அவளுடைய ஆசிரியர் வியந்தார். அந்த நட்சத்திரம் நான் வாங்கியது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பேசாமல் வந்துவிட்டேன்.

அந்த 54 அழியாமல் பள்ளிக்குப் போயிருந்தால், மறுநாளே வகுப்பில் அவளுக்கு ஏழாம் வாய்ப்பாடு தடுமாறுவது தெரிந்திருக்கும். வீட்டுப்பாடம் உங்களுக்குக் கொண்டு வர வேண்டிய ஒரே சேதியை நான் வழியிலேயே அழித்துவிட்டேன். இதை நான் மட்டும் செய்வதாகத் தோன்றவில்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு பிழைகூட இல்லாத நோட்டு உங்கள் மேசைக்கு வந்தால், அதன் பின்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார் என்று தாராளமாகச் சந்தேகப்படலாம். (அட்டையில் செய்து எடுத்து வரும் எரிமலைகளைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அவை யாருடைய கைவண்ணம் என்று உங்களுக்கே தெரியும்.)

ஏன் இப்படிச் செய்கிறோம்? பயம்தான். "முடிக்கவில்லை", "கவனிக்கவும்" என்று டைரியில் வரும் குறிப்பு பிள்ளைக்கு எழுதியதாக எங்களுக்குப் படுவதில்லை. எங்கள் வளர்ப்புக்குப் போட்ட மதிப்பெண்ணாகவே படுகிறது. அதனால் இரவு தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்திலும் பிள்ளையை உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாகச் சொல்லிச் சொல்லி முடிக்க வைக்கிறோம். அதிலும் ஒரு பழக்கம் படியத்தான் செய்கிறது: அப்பா வந்து பக்கத்தில் உட்காரும் வரை பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கும் பழக்கம்.

இதன் விலை சிறியதல்ல. முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளிவந்தது. கணக்கென்றாலே பதறும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த ஆண்டில் கணக்கைக் குறைவாகவே கற்றிருந்தார்கள். கணக்கைப் பற்றிய பதற்றமும் அவர்களுக்குக் கூடியிருந்தது. அதே அளவு பதறினாலும் அதிகம் உதவாத பெற்றோரின் பிள்ளைகளிடம் இந்தப் பாதிப்பு தெரியவில்லை. இதைப் படித்தபோது என் கையிலிருந்த ரப்பர்தான் நினைவுக்கு வந்தது.

சரி, உங்களிடம் கேட்பது என்ன? பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதை மட்டும் கொடுங்கள். அதைத் தப்போடு வாங்கிக்கொள்ளுங்கள். அடித்தல் திருத்தலோடு, பாதியில் நின்ற கணக்கோடு வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அளவை, பக்கத்தை வைத்துச் சொல்லாமல் நேரத்தை வைத்துச் சொல்லுங்கள். வீட்டுப்பாடத்தைப் பற்றிய ஆய்வுகளை 1989-லும் 2006-லும் தொகுத்துப் பார்த்த அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பர், சின்ன வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு மிக மெலிதானது என்று கண்டார். வகுப்புக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கு பொருத்தமானது என்பதும் அவர் கருத்து. அதாவது மூன்றாம் வகுப்புக்கு 30 நிமிடம். அந்த 30 நிமிடம் முடிந்ததும், பிள்ளை எங்கே நிற்கிறாளோ அங்கே நாங்கள் ஒரு கோடு போட்டுக் கையெழுத்திடுகிறோம். மறுநாள் அந்தக் கோட்டைப் பார்த்து நீங்கள் கோபிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வீட்டுப்பாடத்தையே நிறுத்தச் சொல்கிறேனோ என்று நினைக்க வேண்டாம். தினமும் ஒரு நேரத்தில், ஓர் இடத்தில், தானாகப் போய் உட்கார்வது பெரிய விஷயம். அது படிய நாளாகும். லண்டனில் பெரியவர்களை வைத்துச் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், உணவு, உடற்பயிற்சி போன்ற ஒரு புதுப் பழக்கம் இயல்பாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம் என்றது கணக்கு. எனக்குப் பிடித்த செய்தி வேறு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. காய்ச்சலிலோ விருந்தாளிகள் வந்த நாளிலோ விட்டுப்போன வீட்டுப்பாடத்தை மறுநாள் இரட்டிப்பாகச் செய்யச் சொல்வதை விட்டுவிடலாம்.

எங்கள் பங்கையும் சொல்கிறேன். அந்த அரை மணி நேரம் நாங்கள் பக்கத்தில்தான் இருப்போம், ஆனால் எங்கள் வேலையோடு. கணக்கு நோட்டை எட்டிப் பார்க்க மாட்டோம். கைபேசிகள் வேறு அறையில் இருக்கும், எங்களுடையதும் சேர்த்து. எங்கள் வீட்டில் இதுதான் கடினமாக இருந்தது, மகளுக்கு அல்ல. தூக்கத்தைத் தின்று வீட்டுப்பாடம் நடக்காது. ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை.

அப்புறம் ஒன்று. பாடத்தை மூன்று முறை எழுதி வரச் சொல்வதற்குப் பதிலாக, புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் நிற்பதைச் சொல்லச் சொல்லுங்களேன். ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006-ல் வெளியான ஆய்வில் இதைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். இப்போதெல்லாம் நான் என் மகளிடம் கேட்பது ஒரே கேள்வி: "இன்னைக்கு என்ன படிச்சேன்னு எனக்குச் சொல்லு." பாதி சொல்வாள், பாதியை அவளாகவே இட்டுக்கட்டுவாள். எங்கே இட்டுக்கட்டினாள் என்று தேடிப் போய்ப் புத்தகத்தைத் திறப்பதும் அவளேதான். நான் சொல்லித் திறந்த நாட்கள் குறைவு.

ஒரே ஒரு மாதம் இப்படிச் செய்து பார்க்கலாமா? நாளை வரும் நோட்டில் ஐந்தாவது கணக்கு தப்பு. பார்த்தேன், தொடவில்லை. இனி உங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
ரப்பரைக் கீழே வைத்துவிட்ட ஓர் அப்பா