நெல்லை, தூத்துக்குடி மாவட்ட வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். வ.உ.சி. என்றதும் நம் பிள்ளைகள் கப்பலையும் செக்கையும் சொல்லிவிடுகிறார்கள். சரிதான். ஆனால் 1906-இல் அவருடைய சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானதற்கும் 1908 ஜூலையில் தண்டனை வந்ததற்கும் நடுவில் நம் ஊர்ச் சனங்கள் செய்ததைக் கேட்டால் முழிக்கிறார்கள். அதை நீங்கள் வகுப்பில் விரிவாகச் சொல்லவேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

1908 பிப்ரவரி 27. தூத்துக்குடியில் வெள்ளைக்காரர் நடத்திய கோரல் பஞ்சாலைத் (மில்) தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வேலை, வார விடுமுறை கிடையாது, கூலியோ சொற்பம். சின்னப் பிள்ளைகளும் உள்ளே வேலை பார்த்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தெருவில் நின்று பேசியதைக் கேட்டுத்தான் அவர்கள் வெளியே வந்தார்கள். ஆனால் பேச்சைக் கேட்டு வெளியே வருவது ஒரு நாள் வேலை. மறுநாள் அடுப்பு எரியவேண்டுமே? ஊரில் வசூல் செய்து அரிசி வாங்கிக் கொடுத்தார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. அன்றைய நிலையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியைக் கூலிக்காரர்கள் இப்படிப் பணியவைத்தது சாதாரண விஷயமா?

மார்ச் 12-ஆம் தேதி தலைவர்கள் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைத்தன, மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், காவல் நிலையம் எல்லாம் தாக்கப்பட்டன. மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். பிறகு தண்டக் காவல் படையை ஊரில் நிறுத்தி, அதற்கான செலவை வரியாக மக்கள் தலையிலேயே கட்டினார்கள்.

அதே வேளையில் கோரல் மில்காரர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். இந்தத் தடவை கூலிக்காக இல்லை, சிறைக்குப் போன தலைவர்களுக்காக. திலகருக்குத் தண்டனை என்றதும் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் வெளிநடப்புச் செய்தது அதே ஆண்டு ஜூலையில். தூத்துக்குடி அவர்களுக்கு நான்கு மாதம் முந்தியது. இந்த வரிசையைப் பிள்ளைகள் அறியவேண்டும் என்பது என் ஆசை.

அந்த நாட்களில் வெள்ளையருக்கும் அவர்கள் பக்கம் நின்றவர்களுக்கும் நாவிதர் சவரம் செய்ய மறுத்தார், வண்ணார் துணி எடுக்க மறுத்தார், வண்டிக்காரர் ஏற்ற மறுத்தார். சுதேசியை இளக்காரமாகப் பேசிய ஒரு வக்கீலுக்குப் பாதி முகத்தோடு சவரத்தை நிறுத்திவிட்டு நாவிதர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று இன்றும் சொல்வார்கள். பிள்ளைகள் சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும், அன்றைக்குக் கிடைக்கவேண்டிய கூலியை அந்த மனிதர் விட்டுவிட்டுப் போனதையும் சொல்லுங்கள். சாதிப் படிநிலையில் கீழே தள்ளப்பட்டிருந்தவர், தன் தொழிலையே ஆயுதமாக்கி ஒரு வக்கீலை எதிர்த்தார் என்பதில் எவ்வளவு பெரிய துணிச்சல் இருக்கிறது!

வ.உ.சி.க்கு நீதிபதி பின்ஹே விதித்த நாற்பது ஆண்டு தண்டனையின் கடுமைகூட இந்தச் சனங்களை நினைத்தால்தான் புரியும் என்று நான் நம்புகிறேன். ஒரு கப்பலைக் கட்டணத்தைக் குறைத்தே முடக்கிவிடலாம், போட்டிக்கு நின்ற வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி அதைத்தான் அப்போது செய்துகொண்டிருந்தது. மில் தொழிலாளியும் மாணவரும் வண்டிக்காரரும் ஒரே நாளில் ஒரே பக்கம் நின்றதை அப்படி முடக்க வழியில்லை.

மார்ச் மாதம் பரீட்சை நெருக்கடி இருக்கும், தெரியும். பிப்ரவரி 27-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பாடவேளை போதும். முடிந்தால் நெல்லைப் பிள்ளைகளைத் தாமிரபரணிக் கரைக்கும், தூத்துக்குடிப் பிள்ளைகளைத் துறைமுகப் பக்கமும் கூட்டிக்கொண்டு போய் அங்கே வைத்துச் சொல்லுங்கள். அப்புறம், அவரவர் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் 1908 பற்றிக் காதில் விழுந்தது ஏதாவது உண்டா என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்