ஆயா வீடு இருந்த இடம்

திருவொற்றியூர்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை போனில் குட்டி கேட்டது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "தாத்தா, உங்க வீட்ட கடல் தின்னுடுச்சாமே, உங்களயும் தின்னுடுமா?" என்றாள். லீவுக்கு வந்தபோது அலைகிட்டப் போகாமல் உன் இடுப்பைக் கட்டிக்கொண்டு அவள் அழுதது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

அந்தக் கதையை உனக்கு அப்படிச் சொல்லி வளர்த்தவன் நான்தான். எனக்கு என் அம்மா, உன் ஆயா, அப்படித்தான் சொன்னாள். அதை நீ குட்டியிடம் மாற்றிச் சொல்ல வேண்டும், தேனு. போனில் இவ்வளவும் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வருஷம் டிரெட்ஜரில் இருந்தவன் நான். கடலுக்கு அடியிலிருந்து மணலை உறிஞ்சி எடுப்பதுதான் வேலை. இன்று வாரிய இடத்தில் கொஞ்ச நாளில் மறுபடி மணல் வந்து நிற்கும். எங்கிருந்து வருகிறது என்று ஆரம்பத்தில் நான் யோசித்ததே இல்லை. கூட வேலை செய்த ஒரு பெரியவர்தான் சொன்னார்: "மணல் நடக்குதுடா. தெற்கேருந்து வடக்கே நடந்து போவுது. நாம அதும் வழில நிக்கிறோம்."

அவர் சொன்னது நிஜம். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலை தெற்கிலிருந்து கோணலாக வருகிறது. கரையில் ஏறும்போது சாய்வாக ஏறும், இறங்கும்போது நேராக இறங்கும். கூடவே மணலும் ஏறி இறங்கும். ஒவ்வொரு அலைக்கும் மணல் துகள் கொஞ்சம் வடக்கே தள்ளிப் போயிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை கிளம்பினால் இதுவே தலைகீழாகி, மணல் தெற்கே திரும்பும். ஆனால் வாடைக்கு மாதங்கள் குறைவு. வருஷக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம், அதுவும் பல லட்சம் கன மீட்டர். நம் கரை என்று நாம் நினைத்தது தங்கிய மணல் இல்லை. வந்து, இருந்து, போய்க்கொண்டிருந்த மணல். போவதற்கு ஈடாக வந்துகொண்டே இருந்ததால் கரை அப்படியே இருந்தது.

சென்னையில் ஒரு காலத்தில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், மசூலா படகில் ஆளையும் சரக்கையும் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுவருவார்கள். 1875 டிசம்பரில் அடிக்கல் நாட்டி, கடலுக்குள் இரண்டு கல் சுவர் நீட்டினார்கள். 1881 நவம்பர் புயல் அதைச் சிதைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். கிழக்கே பார்த்திருந்த துறைமுக வாய் மணலால் தூர்ந்துகொண்டே இருக்க, பிற்பாடு அதை மூடி வடகிழக்கில் வாய் வைத்தார்கள். சுவர் கப்பலுக்காகக் கட்டியது. அதில் எனக்குக் குறை இல்லை, நாம் சாப்பிட்ட சோறே அதில்தான். ஆனால் வடக்கே நடந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டி நின்றுவிட்டது.

நின்ற மணல்தான் மெரினா. ஐஸ் ஹவுஸை நீ பார்த்திருக்கிறாய். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸை வைக்க 1842இல் கட்டியது. அப்போது கடல் அதற்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. இன்று அங்கிருந்து அலையைத் தொடுவதற்குள் கால் கடுத்துவிடுகிறது. போன லீவில் குட்டி மெரினாவில் வீடு கட்டி விளையாடினாளே, அது ஆயா வீட்டு வாசலுக்கு வந்திருக்க வேண்டிய மணல்.

சுவருக்கு வடக்கே, நம் பக்கம், மணல் வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, நம்ம ஊர், எர்ணாவூர் என்று அரிப்பு வரிசையாக வடக்கே ஏறியது. எங்கள் குப்பத்தில் முதலில் வலை உலர்த்தும் இடம் போனது. அப்புறம் கட்டுமரம் ஏற்றி வைக்கும் மேடு. ஒவ்வொரு வாடைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. நீ பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்னால், ஒரு கார்த்திகை ராத்திரி ஆயா வீட்டுப் பின்சுவர் உட்கார்ந்துவிட்டது. காலையில் ஆயா அந்த ஈரத்தில் நின்று கற்பூரம் ஏற்றி, "கடலம்மா, உனக்கு நான் என்ன குறை வச்சேன்" என்று அழுதாள். அவளுக்குப் பதில் சொல்ல அன்று என்னிடம் வார்த்தை இல்லை. இத்தனைக்கும் அந்தப் பதில்தான் நான் தினமும் உறிஞ்சிக்கொண்டிருந்த குழாய்க்குள் ஓடியது.

கல் கொட்டினார்கள். கல்லுக்குப் பின்னால் இருப்பது பிழைக்கும், முன்னால் இருப்பது போய்விடும். அலை கல்லில் அடித்துத் திரும்பும் வேகத்தில் அடி மணலையும் இழுத்துக்கொண்டு போகும், கல் முடிகிற இடத்துக்கு வடக்கே அரிப்பு தொடங்கும். தூண்டில் வளைவு என்று கடலுக்குள் நீட்டிக் கல் போட்ட இடங்களில் தெற்குப் பக்கம் கொஞ்சம் மணல் சேர்கிறது. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் வாரும் மணலை ஊர்க் கடற்கரையில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். எனக்கு அதுதான் முறையாகத் தெரிகிறது. தடுத்தது நாம் என்றால் தாண்டிவிட வேண்டியதும் நாம்தான்.

ஆறும் மணல் கொண்டுவரும், குட்டியிடம் அதையும் சொல். மலைப்பாறை வெயிலிலும் மழையிலும் வெடித்து, கல்லாகி, உருண்டு, தேய்ந்து, கடைசியில் மணலாகிறது. நம் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் அப்படி உருண்டு வந்த கூழாங்கல்லை உடைத்துத்தான் ஆதி மனிதர்கள் கோடரி செய்தார்கள். அங்கே கிடைத்தவற்றில் சில 15 லட்சம் வருஷப் பழசு என்று கணித்திருக்கிறார்கள். அந்த ஆறு எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. 1944இல் பூண்டி ஏரி கட்டியதிலிருந்து மணலில் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. நமக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டியிருந்தது, கட்டினோம்.

குட்டிக்கு வாயால் சொன்னால் பத்தாது. ஒரு தாம்பாளத்தில் ஈர மணலைக் கரை மாதிரி ஒரு ஓரமாகப் பரப்பி, தண்ணீர் ஊற்று. அட்டையால் ஒரு மூலையிலிருந்து கோணலாக அலை தள்ளச் சொல். கொஞ்ச நேரம் கழித்துக் கரைக்குக் குறுக்கே ஒரு ஸ்கேலைக் குத்தி வைத்து, மறுபடி தள்ளச் சொல். ஒரு பக்கம் மேடாகும், மறுபக்கம் பள்ளமாகும். ஆயா வீடு எந்தப் பக்கம் இருந்தது என்று அவளே விரல் வைத்துக் காட்டட்டும்.

மணல் கோயம்புத்தூரில் தேட வேண்டாம், இதோடு ஒரு டப்பாவில் அனுப்புகிறேன். எண்ணூர்ப் பக்கம் எடுத்தது. அதில் கறுப்புக் கறுப்பாகத் தெரியும், அழுக்கு என்று கழுவிவிடாதே. கனமான மணல் அது. அலை லேசானதை இழுத்துப் போனபிறகு கரையில் கோடு கோடாகத் தங்கும். ஒரு காந்தமும் உள்ளே வைத்திருக்கிறேன், பேப்பருக்கு அடியில் வைத்து நகர்த்தினால் சில துகள்கள் எழுந்து நிற்கும். அதை அவள் பார்க்கும்போது எனக்கு வீடியோ கால் போடு.

உன்
நைனா