ஏறிய அளவு மட்டும் போதாது, ஏறிய விதமும் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வணிகப் பக்கத்தில் தினமும் வரும் 'அதிகம் ஏறிய பங்குகள்' பட்டியலைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை சந்தை திறந்ததும் அதே பங்குகளை வாங்குகிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பட்டியல் நன்மையைவிடக் கெடுதலே அதிகம் செய்கிறது.

நான் நூற்பாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன். நூல் சுற்றிய இரண்டு கோன்களிலும் இருப்பது ஒரே பருமனான நாற்பதாம் நம்பர் நூல்தான் என்றாலும், ஒன்று சீராக ஓடும். மற்றொன்று தடித்தும் மெலிந்தும் வந்து தறியில் அறுந்துகொண்டே இருக்கும். சராசரியை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பங்குகளிலும் இதே நிலைதான்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு பங்கு 20 வர்த்தக நாட்களில் 100 ரூபாயிலிருந்து 120 ரூபாய்க்கு வருகிறது. ஒவ்வொரு நாளும் விலை எத்தனை ரூபாய் நகர்ந்தது என்பதை, ஏற்றமா இறக்கமா என்று பாராமல் கூட்டினால் 32 ரூபாய் வருகிறது. மொத்தத்தில் ஏறிய 20 ரூபாயை இந்த 32ஆல் வகுத்தால் விகிதம் சுமார் 0.63. இன்னொரு பங்கும் 100லிருந்து 120க்குத்தான் வருகிறது. ஆனால் அதன் கூட்டுத்தொகை 90. விகிதம் 0.22. பட்டியலில் இரண்டுக்கும் 20 சதவீத ஏற்றம் என்றே இருக்கும். இரண்டாவது பங்கை வாங்கி 5 ரூபாய் கீழே ஸ்டாப் லாஸ் (விலை அந்த அளவுக்கு இறங்கினால் தானாக விற்றுவிடும் உத்தரவு) போட்டவர் பாதி வழியிலேயே நஷ்டத்துடன் வெளியேற நேரிடலாம். பிறகு அந்தப் பங்கு 120ஐத் தொட்டால் அவருக்கு என்ன பயன்? பெரி காஃப்மன் என்ற அமெரிக்கர் வகுத்த அளவுகோல் இது. விகிதம் 1ஐ நெருங்க நெருங்கப் போக்கு சீரானது. விலை வேகமாக ஏறும் 30 பங்குகளைத் தேர்ந்தெடுக்கும், தேசியப் பங்குச் சந்தையின் நிஃப்டி 200 மொமென்டம் 30 குறியீட்டில்கூட 6 மாத, 12 மாத விலையேற்றத்தை அப்படியே எடுப்பதில்லை. தினசரி அலைச்சலைக் கணக்கில் சேர்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள்.

இங்கே ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. தினமும் 5 சதவீத அப்பர் சர்க்யூட்டில் (ஒரு நாளில் விலை ஏற அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பில்) பூட்டப்படும் சின்னப் பங்குக்கு இந்த விகிதம் முழுதாக 1 வரும். படம் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல இருக்கும். அதை அழகான போக்கு என்று நம்பிவிடக் கூடாது. அங்கே விற்பவர் இல்லாததால் விலை நிற்கிறது. விலை திரும்பும் நாளில் லோயர் சர்க்யூட்டில், அதாவது இறக்கத்துக்கான வரம்பில், வாங்குபவர் இருக்க மாட்டார், கையில் இருப்பதை விற்க முடியாமல் தவிக்க வேண்டும். ஆகவே முதலில் தினமும் தாராளமாகக் கைமாறும் பங்குகளை மட்டும் பிரித்தெடுத்து, அதன் பிறகே சீர்மையை அளக்க வேண்டும். போனஸ், பங்குப் பிரிப்பு நடந்திருந்தால் பழைய விலைகளைத் திருத்திக்கொள்வதும் அவசியம். இல்லாவிட்டால், ஒன்றுக்கு ஒன்று போனஸ் (ஒவ்வொரு பங்குக்கும் ஒரு இலவசப் பங்கு) தந்த நிறுவனத்தின் பங்கு விலை ஒரே நாளில் பாதியானதாகக் காட்டி, கணக்கையே குலைத்துவிடும்.

சீராக ஏறிய பங்கு நாளையும் அப்படியே ஏறும் என்று நான் சொல்லவில்லை. காலாண்டு முடிவு வெளியான மறுநாள் எந்தப் பங்கும் பத்து சதவீதம் கீழே திறக்கலாம். ஆனாலும், 2022-23ஆம் நிதியாண்டில் ரொக்கச் சந்தையில் வாங்கிய அன்றே விற்கும் தினசரி வர்த்தகம் செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டப்பட்டதாகப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியே சொல்லியிருக்கும்போது, வாசகர் கையில் இன்னும் கொஞ்சம் நல்ல தகவலைக் கொடுப்பது பத்திரிகையின் கடமை என்று கருதுகிறேன்.

எனவே என் வேண்டுகோள் இது: சனிக்கிழமைதோறும் நிஃப்டி 200 குறியீட்டில் உள்ள 200 பெரிய, நடுத்தர நிறுவனங்களின் பங்குகளை எடுத்து, கடந்த 60 வர்த்தக நாட்களின் ஏற்ற இறக்கச் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே இந்த விகிதத்தையும், அடுத்த காலாண்டு முடிவு தேதியையும் அச்சிடுங்கள். அன்றாட விலைக் கோப்பைப் பங்குச் சந்தை தன் இணையதளத்தில் இலவசமாகவே தருகிறது. பக்கத்தில் இடம் போதாது என்றால், அன்று ஒரு நாளாவது 'அதிகம் ஏறிய பங்குகள்' பட்டியலை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூற்பாலைத் தர ஆய்வாளர்,
ராஜபாளையம்.