சொரணை இருக்கிறது, முகவரியும் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தலையங்கத்தில், ஊழலும் குற்றமும் கண்ணெதிரே நடந்தாலும் தெருவுக்கு வராத மக்களைச் 'சொரணையற்றவர்கள்' என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்து வேறு வேலை பார்க்கப் போனேன். அந்த ஒரு சொல் மட்டும் செருப்புக்குள் மாட்டிய கல் போல நாள் முழுக்கக் கூடவே வந்தது. 32 வருடமாகக் காசு கொடுத்து உங்கள் பத்திரிகையை வாங்குகிறவன் என்ற உரிமையில் சில விஷயங்கள் சொல்கிறேன்.

அதே இதழின் ஐந்தாம் பக்கத்தைத் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். லஞ்சம் வாங்கிக் கையும் களவுமாகப் பிடிபட்ட ஓர் அலுவலரைப் பற்றிய செய்தி. படத்தில் அவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறுகிறார். புகார் கொடுத்தவரைப் பற்றியோ பெயர், வயது, தகப்பனார் பெயர், கிராமம், தொழில் என்று ஒன்றுவிடாமல் போட்டிருக்கிறீர்கள். வாங்கியவருக்குக் கைக்குட்டை, புகார் கொடுத்தவருக்குக் கொட்டை எழுத்து. அந்த விவசாயி நாளைக்கும் அதே அலுவலகத்துக்குத்தானே போகவேண்டும், அதே மேசைக்கு முன்னால்தானே நிற்கவேண்டும்?

என் கதைக்கு வருகிறேன். சில வருடம் முன்பு எங்கள் பகுதியில் இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் மணல் லாரிகள் வரிசையாகப் போகும். யார் மாமூல் வாங்கிக்கொண்டு விடுகிறார் என்பது ஊருக்கே தெரியும். திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் வரிசையில் நின்று மனு கொடுத்தேன். சீல் வைத்து ரசீது தந்தார்கள். ரொம்ப மகிழ்ச்சியாக இருந்தது. மனு 'உரிய நடவடிக்கைக்காக' ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி வந்தது. கடைசியில் எந்த மனிதர் மேல் புகார் சொன்னேனோ, அவர் கைக்கே போய்ச் சேர்ந்தது.

ஒரு மாலை அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. திண்ணையில் உட்கார்ந்து என் மனுவின் ஜெராக்ஸை நான்காக மடித்ததைப் பிரித்து, "சார், இது உங்க கையெழுத்துதானே?" என்றார். ஆமாம் என்றேன். "நல்ல எழுத்து சார்" என்றார். அப்புறம் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "பொண்ணு தினமும் ஆத்துப்பாலம் வழியாத்தானே வேலைக்குப் போறாங்க? லாரி நிறைய வர்ற ரோடு சார், பார்த்துப் போகச் சொல்லுங்க" என்றார். இதில் எந்த வரியை நான் காவல் நிலையத்தில் புகாராக எழுதிக் கொடுப்பது? அவர் அக்கறையோடு பேசிவிட்டுப் போனார் என்றுதானே ஆகும்!

அடுத்த மனுவை நான் எழுதவில்லை. உங்கள் தலையங்கக் கணக்குப்படி அன்றிலிருந்து எனக்குச் சொரணை இல்லை.

ஆனால் மனு எழுதவில்லையே தவிர, உங்களுக்கு எழுதினேன். அது உங்களுக்கு நினைவிருக்காது. பெயர் வேண்டாம் என்று கடிதத்தின் மேலேயே சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். மணல் லாரி பற்றிய பத்தியை வெட்டிவிட்டு, பொதுவாகச் சாலைகள் மோசம் என்ற பகுதியை மட்டும் வெளியிட்டீர்கள். கீழே என் பெயர், தெருப் பெயர், ஊர். எந்தக் கடிதத்திலும் ஒழுங்காக வராத என் தலைப்பெழுத்து அன்றைக்கு மட்டும் பிழையில்லாமல் வந்திருந்தது. ஆசிரியர் குழுவுக்கு நன்றி.

சத்யேந்திர துபே விஷயம் உங்களுக்குத் தெரியாததல்ல. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமருக்கு 2002இல் எழுதிய பொறியாளர். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி அவரும் கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பரில் பீகாரின் கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வழிப்பறிக்கு வந்தவர்கள் செய்தது என்று 2010இல் மூன்று பேருக்குத் தண்டனையும் ஆயிற்று. இருக்கட்டும், நீதிமன்றம் சொன்னால் சரி. ஆனால் ரகசியமாக வை என்று கேட்டவரின் பெயரை வெளியே விட்டதற்கு யாருக்குத் தண்டனை? இப்படிப்பட்டவர்களைக் காப்பாற்றத் தனிச் சட்டம் 2014இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. நடைமுறைக்குத்தான் இன்னும் வரவில்லை.

நடைமுறைக்கு வந்த சட்டம் எது தெரியுமா? 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை என்று ஆக்கினார்கள். கட்டாயத்தினால் கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் போய்ச் சொல்லிவிட வேண்டுமாம், சொன்னால் குற்றமில்லை. 2021இல் என் அப்பா பெயரில் இருந்த நிலத்துக்குப் பட்டா மாற்ற நான் கொடுத்தேன். ஆறு மாதம் அசையாமல் கிடந்த கோப்பு, கொடுத்த மறுநாள் நடந்தது. இந்த 7 நாள் விஷயத்தை வக்கீல் உறவினர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டபோது பதினோரு நாள் ஆகியிருந்தது. ஆக, இந்தக் கடிதமே ஒரு குற்றத்தின் ஒப்புதல் வாக்குமூலம். அதையும் உங்கள் கையில்தான் கொடுக்கிறேன், பாருங்கள்.

மக்கள் தெருவுக்கே வரவில்லை என்பதும் சரியில்லை. 2011 ஆகஸ்டில் ஊழலை விசாரிக்க லோக்பால் அமைப்பு வேண்டும் என்று அண்ணா ஹசாரே டெல்லி ராம்லீலா மைதானத்தில் உண்ணாவிரதம் இருந்தபோது நானும் என் வயதுக்கு மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு நின்றவன். லோக்பால் சட்டம் 2013 டிசம்பரில் நிறைவேறியது, முதல் லோக்பால் தலைவர் வந்தது 2019 மார்ச்சில். ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் 2017 ஜனவரியில் கூடிய பிள்ளைகளுக்குக் கடைசி நாள் தடியடி. அடுத்த வருடம் மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துத்தான் வளர்ந்திருக்கிறார்கள். ஆனாலும் ஒன்று சொல்வேன். அன்று மெரினாவில் லட்சம் பேருக்கு நடுவில் நின்றவனிடம் யாரும் தெருப் பெயர் கேட்கவில்லை. தனியாகப் போய் மனு கொடுப்பவனிடம் முதலில் கேட்பதே அதைத்தான்.

சாட்சி சொன்ன அனுபவமும் உண்டு. சங்கிலிப் பறிப்பு வழக்கு. எட்டு முறை சம்மன், ஏழு முறை வாய்தா. எட்டாவது முறை கூண்டில் ஏறியபோது என் கண்ணாடியின் பவர் என்ன என்பதைப் பற்றியே இருபது நிமிடம் கேள்வி. அத்தனை தடவையும் குற்றம் சாட்டப்பட்ட பையன் நீதிமன்ற வராந்தாவில் எனக்கு இரண்டு முழம் தள்ளிதான் நின்றான். ஒருநாள் "மணி என்ன சார்?" என்று கேட்டான். சொன்னேன். என்ன செய்ய? 2018இல் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை ஏற்று எல்லா மாநிலமும் கடைப்பிடிக்கச் சொன்னது. அதில் எனக்கு ஆபத்து இருக்கிறதா இல்லையா என்று அறிக்கை தர வேண்டியது போலீஸ்தான்.

சரி, நாங்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று வாதாட வரவில்லை. பெண் பார்க்கும்போது "சம்பளம் இருக்கட்டும், கிம்பளம் எவ்வளவு வரும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்கும் சம்பந்திகளை எனக்குத் தெரியும். தேர்தலுக்கு முந்தின ராத்திரி கதவைத் தட்டினால் திறக்கிறவர்களையும் தெரியும், அதில் என் தெருவும் சேர்த்திதான். அவர்களைத் திட்டுங்கள், குறுக்கே வரமாட்டேன். ஒருமுறை வாயைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டவர்களையும் அதே கணக்கில் சேர்த்ததுதான் பொறுக்கவில்லை.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. லஞ்ச ஒழிப்புத் துறை யாரையாவது பிடித்த செய்தி போடும்போது புகார் கொடுத்தவரின் பெயரையும் ஊரையும் விட்டுவிடுங்கள். 'ஒரு விவசாயி' என்றால் செய்தியில் எதுவும் குறைந்துவிடாது. முடிந்தால், பிடிபட்டவர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார் என்று ஆறு மாதம் கழித்து இரண்டு வரி போடுங்கள்.

இந்தக் கடிதத்தை வெளியிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். வெளியிட்டால் பெயர் வேண்டாம். இந்த முறை சிவப்பு மை பயன்படுத்தவில்லை, அதனால் ஒருவேளை கண்ணில் படும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
சொரணையற்ற வாசகர்களில் ஒருவன்

பி.கு.: உங்கள் விதிப்படி பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். சரிபார்த்ததும் கிழித்துவிடவும்.